மடை திறந்த பாட்டும் மலேசிய நேயர்களும்

கோலாலம்பூரில் ஆங்கிலத்தில் பாடிப் பெயர் பெற்ற ஓர் இளைஞர் தமிழுக்குத் திரும்பினார். அவர் பாட்டைக் கேட்டவருள் ஒரு சாரார் மகிழ்ந்தனர். ஒரு சாரார் முகஞ்சுளித்தனர். பாடியவரைப் பற்றி எழுதியவர் பலர். கேட்டவரைப் பற்றி எழுதினார் மிகச் சிலரே. ஆயினும் அப்பாட்டின் உண்மையான வழக்கு கேட்டவரிடந்தான் இருக்கிறது. ஏனெனில், ‘வேருக்குத் திரும்புதல்’ என்பது பாடுவோன் தனியே செய்து முடிக்கும் செயலன்று. அவன் தொட்டது வேர்தானா என்று தீர்ப்புரைப்பவர் கேட்போர். அத்தீர்ப்பில் அவர்களுடைய வேர் எது என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது.

அப்பாட்டு ‘மடை திறந்து’. 2006இல் வெளிவந்த ‘வல்லவன்’ என்னும் தொகுப்பில் அது இடம் பெற்றது. பாடியவர்கள் ‘யோகி பி & நட்சத்ரா’ என்னும் குழுவினர்; யோகி பியோடு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்னும் இருவரும் அதில் இருந்தனர். யோகி பி அதற்கு முன்பே ‘போயட்டிக் அம்மோ’ என்னும் நால்வர் குழுவில் புகழ் பெற்றவர். நிக்கோலஸ் ஓங், லாண்ட்ஸ்லைட், பாயிண்ட் பிளாங்க் ஆகியோர் மற்றை மூவர். அக்குழுவின் முதல் தொகுப்பு 1998இல் வந்தது. பெரும்பாலும் ஆங்கிலத்திலும், இடையிடையே மலாய், தமிழ், கண்டோனியம் ஆகிய மொழிகளிலும் அவர்கள் பாடினர். அமெரிக்க நகரங்களில் கறுப்பின இளைஞர் வளர்த்த ‘ராப்’ என்னும் சொல்லிசையை மலேசிய மண்ணில் நிலைபெறச் செய்தவருள் அவர்கள் முன்வரிசையினர்.

இங்கே ஒன்றை நோக்க வேண்டும். ஆங்கிலத்தில் அவர் பாடிய ஆண்டுகளில் தமிழ் நேயர் எவரும் அவரிடம் இலக்கணம் கேட்டதில்லை. அது பாட்டா பேச்சா என்று வழக்காடியதுமில்லை. பிள்ளைகள் கேட்கும் ஏதோ ஓர் இரைச்சல் என்று விட்டுவிட்டார்கள். தமிழில் வாய் திறந்த பிறகே மரபு, மானம், மொழித்தூய்மை என்னும் கேள்விகளெல்லாம் எழுந்தன. அயலானாய் இருந்தவரை கணக்குக் கேளாதிருந்து, வீட்டுக்குள் வந்தவுடன் கேட்பது உறவினரின் இயல்பு. அவ்வகையில் அச்சினமும் ஓர் வரவேற்பே.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் உடன் வைத்துப் பார்க்கலாம். பினாங்கில் பிறந்த ஆறுமுகம் உடன்பிறப்பினர், டேவிட்டும் லோகநாதனும், ‘அல்லிகேட்ஸ்’ என்னும் குழுவைக் கண்டனர். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷாடோஸ்’ குழுவும் சிங்கப்பூரில் வந்து பாடிய பின்னர், தீபகற்பமெங்கும் கித்தார்க் குழுக்கள் முளைத்தன. அந்த அலையின் பின் வந்தவர்கள் அல்லிகேட்ஸ் குழுவினர். 1970களின் இறுதியிலிருந்து மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் அவர்கள் புகழ் பரவியது. லோகநாதன் 2007இல் மறைந்தபோது வருந்தியவர் எல்லா இனத்தாரும் ஆவர். தமிழர் இருவர் மலாய் மொழியில் பாடிப் பெற்ற அப்பெருமையைத் தமிழர் யாவரும் தம் பெருமையாகவே கொண்டனர். ‘நீங்கள் ஏன் வேருக்குத் திரும்பவில்லை’ என்று அவர்களைப் பிடித்துக் கேட்டாரில்லை. திரும்பாதவர்க்குக் குறையொன்றும் இல்லை, திரும்பியவர்க்கே வழக்கு. நேயர் உள்ளத்தின் கோணல்களுள் இதுவும் ஒன்று.

‘வல்லவன்’ வந்த காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் இன்றைய வளைவுகளும் வண்ணத் தூண்களும் பெறவில்லை. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்த பின்னர், நகரைச் செங்கல்லால் கட்ட எழுந்த சூளைகளே அவ்விடத்துக்குப் பெயர் தந்தன. பின்பு இருப்புப்பாதைத் தொழிலாளரும் எழுத்தரும் குடியேறினர். அவர்களுள் இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் இருந்தனர். ‘லிட்டில் இந்தியா’ என அரசு அறிவித்து இந்தியத் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங்கைக் கொண்டு திறந்து வைத்தது 2010 அக்டோபரில். அதற்கு நான்காண்டு முன்னர், துன் சம்பந்தன் சாலையின் இசைக்கடைகள் ஒலிநாடாக்களை ஒதுக்கிவிட்டுக் குறுந்தட்டுகளை அடுக்கியிருந்த காலம் அது. பூக்கடையும் மளிகைக்கடையும் உணவுக்கடையும் சூழ்ந்த அத்தெருவில் ஒரு கடையின் பாட்டு அடுத்த கடையின் பாட்டோடு மோதும். கிள்ளானில் தெங்கு கிளானா சாலையும் அத்தகையதே. சென்னையிலிருந்து வந்த திரைப்பாடல்களுக்கே உரியதாய் இருந்த அத்தெருக்களில், உள்ளூர்ப் பிள்ளைகளின் குரல் திரைப்பாட்டை மறித்துக்கொண்டு கேட்டது. நேயர் செவி திரும்பியதற்கு அதுவே முதற் காரணம்.

முதலில் எழுந்த குற்றச்சாட்டு இளையராசாவின் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்பது. ‘மடை திறந்து’ 1980இல் வந்த ‘நிழல்கள்’ திரைப்படத்துப் பாட்டு. பாரதிராசாவின் படம்; வாலியின் சொல்; எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல். வாய்ப்புக்கு ஏங்கும் இசையமைப்பாளன் ஒருவன் தன் வெற்றியைக் கனவு கண்டு பாடுவதாக அமைந்தது. படம் ஓடவில்லை, பாட்டு நின்றது. அதனை எடுத்த இளைஞர்கள் பல்லவியின் மெட்டை வைத்துக்கொண்டு, சரணங்கள் இருந்த இடத்தில் தம் சொல்லிசையை நிரப்பினர். ஐம்பது அகவை கடந்த நேயர்க்கு இது வீட்டை இடித்துத் திண்ணையை மட்டும் விட்டுவைத்தது போலத் தோன்றியது.

ஆயின், அவர்கள் எடுத்த பாட்டு எது என்பதை அந்நேயர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இசையால் வாழ விரும்பி, வாசல் தோறும் தட்டி, இன்னும் அழைக்கப்படாத ஒருவன் பாடும் பாட்டு அது. தமிழகத்துத் திரையுலகம் ஒருபுறமும், மலாய், சீன, ஆங்கில இசை வணிகம் மறுபுறமும் நிற்க, நடுவில் இடமின்றி நின்ற மலேசியத் தமிழ்க் கலைஞனுக்கு அப்பாட்டினும் பொருத்தமான பாட்டு இளையராசாவின் பெருந்தொகையுள் வேறொன்று கிடைப்பது அரிது. திரைக்கதையில் கனவாக இருந்தது இவர்கள் வாயில் விண்ணப்பமாயிற்று. பழைய பாட்டை மறுபடி பாடுவோர் பலர் அதன் மெட்டுக்காகப் பாடுகின்றனர். இவர்கள் பாட்டின் சூழலையும் சேர்த்து எடுத்துக்கொண்டனர். இதனை அறிந்தே செய்தனரோ, அறியாது நிகழ்ந்ததோ, பாட்டு அதனைத் தாங்கி நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. இளையராசாவின் அப்பாட்டைத் தூய வேர் என்று கொண்டே அதனைக் காக்க முன்வந்தனர் அந்நேயர். 1980இல் அப்பாட்டு வந்தபோது அதுவே ஒட்டுமரம். மேனாட்டு நரம்பிசைக் கருவிகளின் பெருக்கும் தமிழ்த் தாளமும் ஒன்றாய் ஓடும் பாட்டு அது. கால் நூற்றாண்டு கழிந்ததும் ஒட்டின் தழும்பு மறைந்து மரம் ஒன்றாய்த் தெரிந்தது. இருபத்தைந்து ஆண்டு பழகிய புதுமையை மரபென்று காப்பவர், இன்று பிறந்த புதுமையை மரபுக்கேடு என்பதில் வியப்பில்லை. எல்லாத் தலைமுறையினர்க்கும் உள்ள நோய் இது.

மேனாட்டிலும் இக்கதை உண்டு. 1965இல் பாப் டிலன் நியூபோர்ட்டு நாட்டுப்பாடல் விழாவில் மின்கித்தாரை ஏந்தியபோது அவையில் கூச்சல் எழுந்தது. வேரை விட்டு நீங்கினார் என்பது குறை. மூன்றாண்டு கழித்து, 1968இல், ‘பேர்ட்ஸ்’ என்னும் ராக் குழு நாட்டுப்புற இசைக்குத் திரும்பித் தொகுப்பொன்று வெளியிட்டது. அதனை அப்போது வாங்கியவர் சிலரே. நீங்கினாலும் குறை, திரும்பினாலும் குறை. இங்கிலாந்தின் ‘ஃபேர்போர்ட் கன்வென்ஷன்’ குழு 1969இல் பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களை மின்கருவிகளோடு பாடித் தந்தது. பி.பி.சி. வானொலியின் இரண்டாம் அலைவரிசை நேயர்கள் அத்தொகுப்பையே நாட்டுப்பாடல் துறையில் மிகுந்த செல்வாக்குடையதென வாக்களித்துத் தேர்ந்தனர். தேர்ந்த ஆண்டு 2006. ‘வல்லவன்’ கோலாலம்பூரில் வெளிவந்த ஆண்டும் அதுவே. அந்நாட்டு நேயர் முப்பத்தேழாண்டு கழித்துச் சொன்னதை இந்நாட்டு நேயர் உடனே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நேர்மையன்று.

அடுத்த குற்றச்சாட்டே ஆராயத்தக்கது. சொல் விளங்கவில்லை என்பது அது. தமிழாசிரியர் பலரும் இதனை உரைத்தனர். இதனை முதுமையின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடலாகாது. ஆங்கில ராப் அசையழுத்தத்தால் நடப்பது. எந்த அசை அழுத்தம் பெறுகிறதோ அது தாள அடியில் விழும். அழுத்தம் பெறாத அசைகள் இடையில் நசுங்கிப்போகும். அதனால் ஆங்கிலச் சொல்லின் பொருள் கெடுவதில்லை. தமிழ் அவ்வாறன்று. தமிழில் பொருளைத் தாங்குவது மாத்திரை. நெடிலைக் குறுக்கினால் பாடு படுவாகும், காலம் கலமாகும், நாடு நடுவாகும். நான்கடித் தாளத்துள் பதினாறு எழுத்தைத் திணிக்க விரைபவன் முதலில் வெட்டுவது நெடிலைத்தான். கேட்பவர் செவியில் சொல் விழுகிறது, பொருள் விழுவதில்லை. ‘விளங்கவில்லை’ என்ற ஆசிரியர், தாம் அறியாமலே, மாத்திரை பற்றிய ஓர் இலக்கண உண்மையைச் சொன்னார்.

இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் செய்தது இதுவே. தத்த, தந்த, தன்ன, தய்ய என்னும் சந்தக் குழிப்புகளை முன்வைத்து, குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில், வல்லொற்றுக்கு வல்லொற்று என நிறுத்தி, எவ்வளவு விரைந்து பாடினும் மாத்திரை சிதையாதபடி கட்டினார். பத்துமலைப் படிகள் 272இலும் காவடியோடு ஏறுபவர் மூச்சிரைக்கப் பாடும்போதும் அச்சந்தம் நொண்டுவதில்லை. ‘வல்லவன்’ குழுவினரின் பாட்டில் எவ்விடங்கள் செவியில் நின்றன என்று நோக்கினால், அவை பெரும்பாலும் வல்லொற்று அடர்ந்து, குறில் நிரந்து, சந்தம் தன் இயல்பில் ஓடும் இடங்களாகவே இருக்கும். ஆங்கில நடையில் தமிழை இழுத்த இடங்கள் நழுவிப் போயின. இளைஞர் துள்ளிய இடமும் ஆசிரியர் உடன்படக் கூடிய இடமும் ஒன்றாய் இருந்ததை இரு சாராரும் கவனிக்கவில்லை.

தொடை பற்றியும் ஒரு சொல். ஆங்கிலச் சொல்லிசையின் உயிர் அடியிறுதி ஒலியியைபில் உள்ளது. அம்மொழியில் இயைபைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேடிப் பிடித்தவன் திறமை அங்கே தெரியும். தமிழிலோ வினைமுற்றுகள் தாமாகவே இயைந்து நிற்கும். வருகிறேன், தருகிறேன், பெறுகிறேன் என்று நூறடி அடுக்குவதற்கு ஒருவன் புலவனாய் இருக்க வேண்டியதில்லை. எளிதில் வருவதற்கு மதிப்புக் குறைவு. ஆதலின் தமிழ்ச் செய்யுள் தன் ஆற்றலை அடியின் தலையில் வைத்தது. மோனையும் எதுகையும் அங்கே நிற்கின்றன. மலேசியாவிலும் தமிழகத்திலும் சொல்லிசைக்கு வந்த தொடக்கக்காரர் பலர் இறுதி இயைபையே நம்பிக் கெட்டனர். தலையெதுகையைத் தாள அடியில் நிறுத்தக் கற்றவர்களே நின்றனர். பள்ளியில் மோனை எதுகை பயிற்றும் ஆசிரியரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் சொல் தேடும் இளைஞரும் ஒரே பொருளை இரு பெயரால் அழைத்துக்கொண்டிருக்கின்றனர். விவேகானந்தா தமிழ்ப்பள்ளியின் தெருவில் நடந்து செல்லும் இளைஞனுக்கு அப்பள்ளியின் யாப்புப் பாடமே ஒரு கருவிப்பெட்டி என்பதை யாரும் சொல்லவில்லை.

தற்புகழ்ச்சி மிகுதி என்பது வேறொரு குறை. தொகுப்பின் பெயரே ‘வல்லவன்’. நான் இன்னான், எனக்கு நிகர் யார் என்று பாடுவது தமிழ்ப் பண்புக்கு ஒவ்வாது என்றனர் சிலர். இவர்கள் நன்னூலை மறந்தனர் போலும். தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று பொதுவாக விலக்கிய பவணந்தியார், அடுத்து நான்கிடங்களில் புலவனுக்கு அதனை உடன்படுகிறார். வேந்தன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வெல்லும் பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் அது தகும் என்பது அவர் கொள்கை. சொல்லிசைக் கலைஞன் நிற்கும் களம் இந்நான்கும் கூடியதே. ஆற்றல் அறியாதார் நடுவில் நின்று, பழித்தவர்க்கு விடையாக, அவையில் வெல்லப் பாடுகிறான். உடனுக்குடன் அடி கட்டி எதிரியை மடக்கும் அவர்தம் போட்டியைக் கண்டால் காளமேகம் கடிந்துகொள்ளார். தாமும் மேடையேற முற்படுவார். எனினும் நன்னூலார் இட்ட வரம்பையும் மறக்கலாகாது. நான்கிடத்தே தகும் என்றவர் எவ்விடத்தும் தகும் என்றாரில்லை. பின்வந்த குழுக்கள் பல தம்மைப் புகழ்வதையன்றி வேறு பொருளே இல்லாதவர்களாய்ப் பாடுவதைக் கேட்கையில், குறை கூறியவர் முற்றும் பிழைத்தவரல்லர் எனத் தோன்றும்.

ஆங்கிலக் கலப்பைப் பற்றி எழுந்த வாதம் நீண்டது; பயன் சிறிது. கோலாலம்பூர் இளைஞன் ஒரு வாக்கியத்துள் மூன்று மொழி பேசுகிறான். அவன் பாட்டு மட்டும் தனித்தமிழாய் இருக்குமென எதிர்பார்ப்பது பயனற்றது. ஆயினும், இடம் நிரப்ப வந்த ஆங்கிலமும், பேசுவோனின் நிலையைக் காட்ட வந்த ஆங்கிலமும் ஒன்றல்ல. முன்னது சோம்பல். தமிழிசை இயக்கத்தார் 1940களில் எழுப்பிய கேள்வியும் இதனோடு தொடர்புடையது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், கேட்பவனுக்கு விளங்காத மொழியில் பாடினால் உணர்வு எவ்வாறு பிறக்கும் என்று கேட்டனர். தெலுங்குக் கீர்த்தனையை முன்வைத்துக் கேட்ட கேள்வியை ஆங்கில ராப்புக்கும் கேட்கலாம். தமிழிசைக்காக வாதாடியவர் வழிவந்தோர், ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்த கலைஞனைக் கண்டு முதலில் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ச்சி பின்னரே வந்தது. தமிழகம் கேட்டுப் பாராட்டிய பிறகு வந்தது.

ஆம், தமிழகம் பாராட்டியது. ‘மடை திறந்து’ கடல் கடந்து சென்று அங்குள்ள இளைஞரைத் தொட்டது. ‘பொல்லாதவன்’ (2007), ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017), ‘காலா’ (2018) ஆகிய படங்களில் யோகி பியின் குரல் கேட்டது. கிள்ளானில் குறை கூறியவர்களே ‘நம் ஊர்ப் பிள்ளை’ என்று சொல்லத் தொடங்கினர். உள்ளூர்ப் பொருளுக்கு வெளியூர் முத்திரை வேண்டியிருக்கிறது. நூற்றாண்டாய்ச் சென்னையை நோக்கிச் செவி சாய்த்த மக்களின் பழக்கம் அது. இதில் இழப்பும் இருக்கிறது. திரைக்குள் சென்ற குரல் படத்தின் நாயகனுக்காகப் பாடுகிறது, கோலாலம்பூருக்காக அன்று. வேருக்குத் திரும்பியவரை வேரே விழுங்கிவிட்டது என்று வருந்தும் நேயரும் உளர். அவர் கூற்றைப் பொறாமையென்று தள்ளலாகாது.

இனி, வேர் எது என்னும் கேள்வி. ‘மடை திறந்து’ வழியாக அவர்கள் சென்று தொட்டது திரையிசை. மலேசியத் தமிழர்க்குத் திரையிசை வேர்தான். வானொலியும் கொட்டகையும் அதனை அவ்வாறு ஆக்கிவிட்டன. எனினும் அதற்கும் ஆழத்தில் ஒரு வேர் இருக்கிறது. தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களைத் தொகுக்கும்போது தெய்வம், உணா, மரம், புள் என்னும் வரிசையில் பறையையும் வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறங்கோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பின்னூலார் பகுத்தனர். நிலம் ஒன்று இருந்தால் அதற்கொரு பறை உண்டு என்பது இதன் கருத்து. கித்தாக் காடு தமிழன் கண்ட ஆறாம் நிலம். பொழுது புலருமுன் எழுந்து பால்மரம் சீவிய நிலத்துக்கும் பறை இருந்தது. தப்பும் உறுமியும் அது. மாரியம்மன் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் லயத்தின் முன்றிலில் அது முழங்கிற்று.

சிலாங்கூரின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வீடமைப்பு நிலங்களாக மாறின. மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். பால்மரக் கத்தி போயிற்று. உறுமி அவர்களுடன் வந்தது. இன்று தைப்பூச இரவில் பத்துமலைக்குச் செல்லும் வழியெங்கும் இளைஞர் குழுக்கள் உறுமி முழக்குகின்றன. அவற்றுட் சில மேனாட்டு முரசுகளையும் சேர்த்துக்கொண்டன. ராக் குழுவின் ஆரவாரமும் கோயில் மேளத்தின் உறுமலும் அங்கே ஒன்றாகின்றன. ஆய்வாளர் யாரேனும் மலேசியத் தமிழரின் ‘ராக்’ இசை எங்கே என்று தேடினால், ஒலிப்பதிவுக் கூடத்தில் தேடாது அந்தச் சாலையில் தேடட்டும்.

இந்த இசையைப் பற்றியே நேயர் கருத்து மிகக் கடுமையாக மோதுகிறது. திருப்பதிகமும் திருப்புகழும் முழங்க வேண்டிய இடத்தில் திரைமெட்டும் ஆட்டமுமா என்கின்றனர் ஒரு சாரார். காவடி எடுப்பவனுக்கு அருள் வருவது உறுமியில்தான் என்கின்றனர் மற்றொரு சாரார். சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் கருவியிசை 1973இல் தடைசெய்யப்பட்டு, 2016இலேதான் சில இடங்களில் மீண்டும் இசைவு பெற்றது; நாற்பத்து மூன்றாண்டு அமைதி அது. மலேசியாவில் அத்தகைய தடை இல்லாமையால் அக்கலை வளர்ந்தது. கட்டுமீறிய ஆட்டமும் உடன் வளர்ந்தது. ஆட்டத்தைக் கடிவதற்குக் காரணம் உண்டு. ஆனால் கடிபவர் பலர் ஆட்டத்தோடு நில்லாமல் கருவியையும் கடிகின்றனர். தப்பும் பறையும் இழிந்த கருவி என்னும் எண்ணம் கப்பலேறி வந்தது, தோட்டத்தில் இருந்தது, அடுக்குமாடிக்கும் வந்துவிட்டது. ‘வேருக்குத் திரும்புங்கள்’ என்று இளைஞர்க்கு அறிவுரை கூறும் மேடையே, அவர்கள் பறையோடு திரும்பி வரும்போது வாயிலை அடைக்கிறது. வீணையும் குழலும் மட்டுமே வேர் என்றால், தோட்டத்துப் பாட்டன் பாட்டியர் யாருக்கும் வேர் இருந்ததில்லை என்றாகும். தொல்காப்பியர் கருப்பொருளுள் வைத்த பெயர் பறை என்பதைத் தமிழாசிரியராவது நினைவூட்டலாம்.

சென்னையில் இக்கேள்வியை வெளிப்படையாகவே எழுப்பினர். 2018 சனவரியில் பா. இரஞ்சித்தும் தென்மாவும் முன்னின்று அமைத்த ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் பறையையும் ராக்கையும் சொல்லிசையையும் ஒரே மேடையில் நிறுத்தியது. குழுவின் பெயரிலேயே சாதி மறுப்பு இருக்கிறது. அதில் பாடிய அறிவு 2021இல் தீயோடு சேர்ந்து ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாட்டைத் தந்தார். இசையமைப்பில் சந்தோஷ் நாராயணன் இருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் முன்னோரின் கதையை அறிவு அப்பாட்டுக்கு மூலமாகச் சொன்னார். ஒப்பாரியின் சாயலும் அதில் உண்டு. மலேசியாவிலும் பலர் அதைக் கேட்டனர். கேட்டவருள் முதியோர்க்கு ஒரு வியப்பு இருந்திருக்கும். தேயிலையை எடுத்துவிட்டுக் கித்தாவை வைத்தால் அது அவர்கள் வீட்டுக் கதை. அந்தக் கதை கிள்ளானிலிருந்து வராமல் சென்னையிலிருந்து வந்தது.

கிள்ளான் வட்டாரத்தில் பாட்டுக்குப் பொருள் இல்லாமலில்லை. 1941இல் அங்குள்ள தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, கொடிய தோட்ட அலுவலர்களின் நீக்கம் ஆகியவற்றோடு, வெள்ளைத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தையும் ஒழிக்கக் கேட்டனர். மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டேன் என்ற அந்த ஒரு மறுப்பு, நூறு ‘வல்லவன்’ பாடல்களின் தற்புகழ்ச்சிக்கு ஈடான பொருள் உடையது. நன்னூலார் சொன்ன நான்காம் இடம், மாற்றான் பழித்த இடம், அதுவன்றோ? இத்தகைய பொருளை ‘மடை திறந்து’ தொடவில்லை. அதனிடம் அதைக் கேட்பதும் முறையன்று. வாசலைத் திறந்தவனே வீடு முழுவதையும் துப்புரவு செய்ய வேண்டும் என்பது போலாகும். அவ்வாசல் வழியே பின்வந்தவர்களிடம் கேட்கலாம்.

கேட்கும் உரிமை நேயர்க்கு உண்டு. நேயர் கடனும் ஒன்று உண்டு. மலேசிய மண்ணின் சொற்களாகிய கித்தா, மண்டோர், ரோத்தான் ஆகியவை பாட்டில் வரும்போது ‘இது கொச்சை’ என்று செவியை மூடிக்கொள்ளும் அன்பர், சென்னைக் கானாவின் கொச்சையை உவந்து கேட்கின்றார். திரையில் வரும் மதுரை வழக்குக்கும் கோவை வழக்குக்கும் மகிழ்கின்றார். தம் வீட்டு அடுக்களையில் வழங்கும் சொல் மட்டும் பாட்டுக்கு ஆகாது என்கின்றார். பால்மரக் காட்டில் பாடிய பெண்டிர் சிலர் இன்றும் கிள்ளானிலும் காப்பாரிலும் பேரப்பிள்ளைகளின் வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் பாடிய தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அச்சொற்கள் தயக்கமின்றி வருகின்றன. அடுத்த அறையில் பேரன் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு சொல்லிசை கேட்டுக்கொண்டிருக்கிறான்.